சூப்பர் கம்ப்யூட்டர் நம்மூர் ஆலைக்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சூப்பர் கம்ப்யூட்டர் பற்றி நம் பத்திரிகைகளில் செய்தி வந்தால் எத்தனை கோடி செலவு, எத்தனை பெடாஃப்ளாப் வேகம், உலக வரிசையில் எத்தனையாவது இடம் என்பதோடு முடிந்துவிடுகிறது. அதை வைத்து என்ன கணக்குப் போட்டார்கள், அதனால் யாருக்கு என்ன கிடைத்தது என்று ஒரு வரி கூட இருப்பதில்லை. படிக்கிறவர் இது டெல்லிக்காரர்கள் சமாச்சாரம், விஞ்ஞானிகள் சமாச்சாரம் என்று பக்கத்தைத் திருப்பிவிடுகிறார். நான் காரைக்குடியில் இருந்துகொண்டு வெளியூர் கம்பெனிகளுக்குக் காற்றோட்டமும் வெப்ப ஓட்டமும் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுக் கொடுக்கும் தொழிலில் இருப்பவன். இது நம்மூர் சமாச்சாரமும்தான் என்று சொல்லவே எழுதுகிறேன்.

சிமுலேஷன், அதாவது நிஜத்தில் நடப்பதைக் கம்ப்யூட்டரில் கணக்காகப் போட்டுப் பார்ப்பது என்பதன் அடிப்படை எளிமையானது. காற்று எப்படி ஓடும், சூடு எப்படிப் பரவும், இரும்பு எவ்வளவு வளையும் என்பதற்கான சமன்பாடுகள் நூறு வருஷத்துக்கு முன்பே தெரியும். ஆனால் நிஜமான ஒரு மெஷினின் வளைவு நெளிவுகளுக்குள் அவற்றைக் கையால் தீர்க்க முடியாது. அதனால் இடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் கணக்குப் போட்டு, விடையைப் பக்கத்துக் கட்டத்துக்குக் கொடுத்து, மறுபடி மறுபடி ஓட்டவேண்டும். 1922-லேயே ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர் 64,000 பேரை ஒரே அரங்கில் உட்காரவைத்துக் கணக்குப் போடச் சொன்னால் உலகத்தின் வானிலையைக் கூடவே துரத்திப் பிடிக்கலாம் என்று யோசனை சொன்னார். இன்று அந்த அரங்கின் வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே மாதம் திறந்த பரம் பொருள் என்ற சூப்பர் கம்ப்யூட்டரின் வேகம் 838 டெராஃப்ளாப், அதாவது வினாடிக்கு 838 லட்சம் கோடி கணக்கு. காரைக்குடியிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்த் திரும்பிவிடக்கூடிய தூரத்தில் இருக்கிறது அது. தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டம் என்று 2015-ல் 4,500 கோடி ரூபாயில் ஆரம்பித்தார்களே, அதில் வந்தது.

இவ்வளவு வேகம் எதற்கு என்று கேட்பார்கள். கட்டத்தின் அகலத்தைப் பாதியாக்கினால் வேலை இரண்டு மடங்கு ஆகாது. நீளத்தில் இரண்டு, அகலத்தில் இரண்டு, அப்புறம் நேரத்தையும் பாதிப் பாதியாக நறுக்கவேண்டும் என்பதால் எட்டு மடங்கு ஆகிவிடும், உயரத்தையும் சேர்த்தால் பதினாறு. வானிலைக்கு 12 கிலோமீட்டர் கட்டத்தில் இருந்த கணக்கை 6 கிலோமீட்டருக்குக் கொண்டுவர (2025 மே மாதம் வந்த பாரத் முன்னறிவிப்பு முறை இதுதான்) புனேயில் தனியாகவே ஒரு பெரிய கம்ப்யூட்டர் தேவைப்பட்டது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிப் புதுக்கோட்டை வழியாக உள்ளே வந்தபோது மரம் சாய்ந்ததைப் பார்த்தவர்களுக்கு, இந்தப் பக்கம் காற்று எவ்வளவு வரும் என்று ஊர்வாரியாகச் சொல்ல முடிவதன் அருமையை நான் விளக்கவேண்டியதில்லை.

பேட்டரி விஷயம் இன்னும் நமக்கு நெருக்கம். சிவகங்கையில் கிராஃபைட் பூமிக்கடியில் கிடக்கிறது, தமிழக அரசின் டாமின் நிறுவனம் எடுத்துக்கொண்டிருக்கிறது. லித்தியம் பேட்டரியின் எதிர்மின் முனையில் இருப்பதும் கிராஃபைட்தான். சார்ஜ் ஏற ஏற ஆறு கார்பனுக்கு ஒரு லித்தியம் என்ற கணக்கில் அடுக்குகளுக்கு நடுவில் நுழைந்து உட்காரும், கிராஃபைட் பத்து சதவீதம் போல உப்பும். முதல் தடவை சார்ஜ் போடும்போது அதன் மேல் மெல்லிய படலம் ஒன்று உருவாகிறது, பேட்டரி எத்தனை வருஷம் உழைக்கும் என்பதைப் பெரும்பாலும் அந்தப் படலம்தான் தீர்மானிக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் பேட்டரிக்குள் கண்ணை வைத்து அதைப் பார்ப்பது மிகவும் கஷ்டம். அணு அணுவாகக் கணக்குப் போட்டுத்தான் பாதி புரிந்துகொள்கிறார்கள். இதற்கு வழிசெய்த வால்டர் கோன் என்ற விஞ்ஞானிக்கு 1998-ல் வேதியியல் நோபல் கொடுத்தார்கள். அதிலும் அணுக்களை இரட்டித்தால் வேலை எட்டு மடங்கு. பேட்டரி போன்றவற்றை ஆராயும் மின்வேதியியலுக்கென்றே ஒரு தேசிய ஆய்வகம் 1953-லிருந்து இருக்கிற ஊர் நம்முடையது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் இங்கே வந்தது. கிராஃபைட், ஆய்வகம், கம்ப்யூட்டர் மூன்றும் நூறு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இருப்பது எத்தனை ஊருக்கு வாய்க்கும்?

சரி, பெரிய விஷயங்களை விடுவோம். எனக்குத் தெரிந்த ஒரு நெல் ஆலையில் நடந்ததைச் சொல்கிறேன். அவித்த நெல்லைக் காயவைக்கும் ட்ரையர் அங்கே இருக்கிறது, ஆள் உயரத்துக்கு நாலைந்து மடங்கு இரும்புக் கோபுரம். உள்ளே கவிழ்த்துப் போட்ட கூரை மாதிரித் தகடுகள் வரிசை வரிசையாக இருக்கும். மேலிருந்து நெல் மெதுவாக இறங்கும், உமி அடுப்பிலிருந்து வரும் சூடான காற்று ஒரு வரிசையில் நுழைந்து அடுத்த வரிசையில் வெளியேறும். ஈரம் 14 சதவீதத்துக்கு வந்ததும் அரவைக்குப் போகும். ஆலைக்காரருக்கு என்ன பிரச்சினை என்றால், ஒரு பக்கம் நெல் முறுகி அரவையில் உடைந்து குருணையாகப் போகும், இன்னொரு பக்கம் ஈரத்தோடேயே இறங்கும். ட்ரையர் செய்து கொடுத்தவர்கள் காற்றை ஊதும் பேனைப் பெரிதாக மாற்றச் சொன்னார்களாம், கரண்ட் பில்தான் ஏறியது.

என் சொந்தக்காரப் பையன் ஒருவன் வெளியூரில் ஆராய்ச்சி படிக்கிறான், அவன் படிக்கிற இடத்தில் கம்ப்யூட்டர் வசதி உண்டு. விடுமுறைக்கு வந்தவன் அளவெடுத்துக்கொண்டு போய் ஓப்பன்ஃபோம் என்ற இலவச மென்பொருளில் மாதிரி செய்தான். காற்று பேனிலிருந்து எல்லா இடத்துக்கும் ஒரே வேகத்தில் வருவதாக வைத்துக்கொண்டு போட்டால் படம் அழகாகத்தான் வரும், எல்லாப் பாடப்புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கும். ஆலைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "படத்துல நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா தெக்கு மூலையில நெல்லு பச்சையாத்தானே இறங்குது" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் வேலையை நேர்வழிக்குக் கொண்டுவந்தது. காற்றின் வேகம் பார்க்கும் சின்னக் கருவியை வைத்துக் காற்று நுழையும் ஒவ்வொரு வாயாக அளந்தோம். பேனிலிருந்து வரும் குழாய் கோபுரத்துக்குள் நுழையும் இடத்தில் செங்குத்தாகத் திரும்புகிறது, காற்று வளைய முடியாமல் நேராகப் போய் எதிர்ச் சுவரில் மோதுகிறது, தெற்கு மூலைக்கு மிச்சம்தான் கிடைக்கிறது. அளந்ததை வைத்து மறுபடி ஓட்டியபோது கணக்கிலும் அதே மூலைதான் பட்டினி கிடந்தது. அந்தத் திருப்பத்தில் காற்றைப் பிரித்து அனுப்பும்படி வளைந்த தகடுகளை எங்கே, எந்தச் சாய்வில் வைப்பது என்று கம்ப்யூட்டரிலேயே மாற்றி மாற்றிப் பார்த்தார்கள், உள்ளூர் வெல்டிங் பட்டறையில் தகடு வெட்டி வைத்தாகிவிட்டது. குருணை குறைந்தது, பேன் வேகத்தையும் குறைத்துவிட்டார்கள்.

இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று. அந்தப் பையன் எனக்குச் சொந்தமாக இல்லாமல் போயிருந்தால் இது நடந்தே இருக்காது. சாக்கோட்டையிலோ தேவகோட்டையிலோ ஆலை வைத்திருப்பவர் எந்தக் கதவைத் தட்டுவார்? தனியார் மென்பொருளுக்கு வருஷ உரிமம் என்றால் லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். சூப்பர் கம்ப்யூட்டரில் நேரம் வாங்க விண்ணப்பம் எழுதவேண்டும், அதை எழுதவே இந்தத் துறை தெரிந்த ஆள் வேண்டும். விமானக் கம்பெனியும் கார் கம்பெனியும் நூற்றுக்கணக்கில் ஆள் வைத்திருக்கிறார்கள், அவர்கள் பாடு ஓடும். சின்னவர்களுக்கு மெஷினை விடவும், ஆலையில் நின்று பிரச்சினையைக் கேட்டு, அளந்து, அதைக் கணக்காக மாற்றத் தெரிந்த மனிதர்தான் தேவை. ஐரோப்பாவில் 2013-லேயே ஃபோர்ட்டிசிமோ என்று ஒரு திட்டம் ஆரம்பித்து, சிறு தொழிற்சாலைகளையும் சூப்பர் கம்ப்யூட்டர் மையங்களையும் இந்தத் துறை தெரிந்தவர்களையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். நம்மால் முடியாத காரியமில்லை.

அதனால் நான் கேட்பது இதுதான். காரைக்குடியில் நாலைந்து பொறியாளர்களோடு ஓர் உதவி மையம், திருச்சி கம்ப்யூட்டரில் சிறுதொழிலுக்கென்று ஒதுக்கிய கொஞ்சம் நேரம். 1952-ல் தொடங்கி இப்போது அரசுக் கல்லூரியாக இருக்கும் பொறியியல் கல்லூரி ஒன்று இங்கே நடக்கிறது. அதன் கடைசி வருஷ மாணவர்கள் இணையத்தில் கிடைக்கும் பழைய புராஜெக்டையே திருப்பிச் செய்யாமல், சுற்றுவட்டார ஆலை, செங்கல் சூளை, வார்ப்புப் பட்டறைகளின் பிரச்சினையை எடுத்துச் செய்யலாம், அளவெடுக்காமல் வெறும் வண்ணப்படத்தோடு வருபவருக்கு மதிப்பெண் கிடையாது என்று வைக்கலாம். முடிவைத் தமிழில் ஒரு பக்கத்துக்கு ஆலைக்காரருக்குப் புரியும்படி எழுதிக் கொடுக்கவேண்டும்.

மாவட்டத் தொழில் மையத்துக்கு இதையே மனுவாகவும் கொடுத்திருக்கிறேன். உங்கள் நிருபர் ஒருவர் திருச்சிக்குப் போய், அந்தக் கம்ப்யூட்டரில் இதுவரை எத்தனை சிறுதொழில்காரர்களின் கணக்கு ஓடியது என்று கேட்டு வந்து எழுதினால், இங்கே பலர் அதைப் படிப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காரைக்குடி