படிக்கிற மாதங்களிலும் அடுப்பு எரிய வேண்டும்

பசுமை வேலைப் பயிற்சிக்கு நிதி ஒதுக்கும் அதிகாரிகளுக்கும் மக்கள் பிரதிநிதிகளுக்கும்,

வணக்கம். சூரிய மின் அமைப்புகளைப் பொருத்தவும் பழுது பார்க்கவும் கற்றுக்கொடுப்பது என் வேலை. என் வகுப்புக்கு வருகிறவர்களில் பலர், மூடப்பட்ட சுரங்கத்திலோ அனல் மின் நிலையத்திலோ வேலை பார்த்த கிராமத்துக்காரர்கள். அதை விட்டால் அந்தப் பக்கத்தில் நிலையான வேலை கிடையாது. அப்படி வந்த ஒருவர் பாதியில் நின்றுபோனார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் கொதிகலன் பிட்டர். ஐம்பதைத் தாண்டியவர். முதல் நாள், பேனல் கேபிளில் கனெக்டரைக் கிரிம்ப் செய்ய, அதாவது கருவியால் அழுத்தி இறுக்கிப் பொருத்தச் சொன்னேன். இளைஞர்கள் ஆளுக்கு இரண்டு மூன்றை வீணாக்கினார்கள். அவர் கேபிளின் தோலை உரித்தார், இழை ஏதும் அறுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், கிரிம்ப் செய்தார், நன்றாக இழுத்துப் பார்த்தார். அப்புறம்தான் என்னிடம் நீட்டினார். வேலையில் கை வைக்கும் முன் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்வது அவருக்குப் பல வருடப் பழக்கம். அதை நான் சொல்லித்தரவே வேண்டியிருக்கவில்லை.

புதிதாகச் சொன்னது டிசியைப் பற்றி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரத்தைப் பற்றி. வீட்டுக்கு வரும் ஏசியில், அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரத்தில், மின்னோட்டம் நொடிக்கு 100 தடவையாவது பூஜ்யத்தைத் தொட்டுப் போகும். தீப்பொறி எழுந்தாலும் அந்த நேரத்தில் அணைந்துவிட வாய்ப்புண்டு. பேனலிலிருந்து வரும் டிசி பூஜ்யத்துக்கு வருவதே இல்லை. மின்னோட்டம் ஓடும்போது கனெக்டரைப் பிரித்தால் பொறி நின்று எரியும். வெயில் இருக்கும்வரை பேனலை அணைத்து வைக்கவும் முடியாது. இதை ஒரே மத்தியானத்தில் பிடித்துக்கொண்டார். இப்படி ஓர் ஆளை உருவாக்க எத்தனை வருடம் ஆகும் என்று எனக்குத் தெரியும்.

மூன்றாவது வாரம் ஆள் வரவில்லை. போன் செய்தேன். “படிப்பு நல்லாத்தான் இருக்கு சார். வீட்டுக்கு என்ன கொடுக்கிறது?” என்றார். லாரியில் மூட்டை ஏற்றும் கூலி வேலைக்குப் போயிருந்தார். எங்கள் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேராக ‘இடைநின்றவர்’ என்று எழுத வேண்டியிருந்தது. எழுத மனம் வரவில்லை.

நீங்கள் தந்த நிதியில் பேனல் வாங்கினோம், கருவி வாங்கினோம், கட்டட வாடகை கட்டினோம். என் சம்பளமும் அதிலிருந்துதான் வருகிறது. படிக்க வருகிறவருக்கு மட்டும் அதில் ஒரு பங்கும் இல்லை. குடும்பத்தைச் சுமக்கிற ஒருவர் மூன்று மாதம் வருமானமில்லாமல் எப்படி உட்கார்ந்து படிப்பார்? பயிற்சிக் காலம் முழுவதும் உதவித்தொகை கொடுங்கள். பழைய சம்பளத்தோடு ஒப்பிட்டு மரியாதையாகச் சொல்லக்கூடிய தொகையாக அது இருக்கட்டும். பயிற்சி நிலையம் நகரத்தில் இருந்தால் போக்குவரத்துச் செலவையும் சேர்த்துக் கொடுங்கள். இன்னும் நல்லது, கருவிகளை ஒரு வண்டியில் ஏற்றி வகுப்பையே கிராமத்துக்கு அனுப்புவது.

பணம் எப்போது வருகிறது என்பதும் முக்கியம். ஜெர்மனியில் மானியத்தில் ஓடிய நிலக்கரிச் சுரங்கங்களை நிறுத்துவது என்று 2007இல் முடிவானது. கடைசிச் சுரங்கம் ரூர் பகுதியிலுள்ள போட்ராப் நகரில் 2018 டிசம்பரில்தான் மூடப்பட்டது. இடையில் 11 வருடம் இருந்தது. வயதானவர்கள் முன்கூட்டியே ஓய்வு பெறவும், மற்றவர்கள் வேறு வேலைக்கு மாறவும் அந்தக் காலம் உதவியது. தென்னாப்பிரிக்காவின் கோமாட்டி அனல் மின் நிலையத்தில் கடைசி அலகு 2022 அக்டோபரில் நின்றது. அங்கே மாற்று ஏற்பாடுகளுக்கான 49.7 கோடி டாலருக்கு உலக வங்கி ஒப்புதல் தந்தது அதற்கடுத்த மாதம். சரி, எல்லா ஊருக்கும் 11 வருடம் கிடைக்காது. ஆனால் சம்பளம் நின்ற பிறகு பயிற்சியை யோசிக்கத் தொடங்கினால், நல்ல கைகள் எல்லாம் அதற்குள் சிதறிப்போய்விடும். மூடும் தேதி முடிவாகும் அன்றே பயிற்சி நிதியும் முடிவாக வேண்டும்.

யாரைக் கணக்கில் எடுக்கிறீர்கள் என்பதையும் தயவுசெய்து பாருங்கள். நிரந்தரத் தொழிலாளர் பட்டியல் கையில் தயாராக இருக்கும். ஒப்பந்தத்தில் துப்புரவு செய்தவர்கள், லாரி ஓட்டியவர்கள், கேன்டீனில் சமைத்த பெண்கள் ஆகியோரின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்காது. வேலை போனது அவர்களுக்கும்தான்.

இன்னொன்று. பேனல் பொருத்த மட்டும் கற்றுக்கொடுத்தால் போதாது. பெரிய சூரிய மின் பண்ணையைக் கட்டும்போது சில மாதங்களுக்கு ஏராளமான ஆட்கள் தேவை. கட்டி முடித்தபின் பராமரிக்கச் சிலர் போதும். ஆகவே மின்பாதைப் பராமரிப்பு, மோட்டார் பழுது, கைவிட்ட சுரங்க நிலத்தைச் சீராக்குவது என்று அந்தப் பகுதியில் நிலைத்து நிற்கும் வேலைகளையும் பாடத்தில் சேருங்கள். பயிற்சி தொடங்கும் முன்பே, முடித்தவர்களில் எத்தனை பேரை எடுப்போம் என்று நிறுவனங்களிடம் எழுத்தில் வாங்குங்கள். சான்றிதழ் கொடுத்துக் கைகுலுக்கி அனுப்புகிற நாளில் எனக்குச் சங்கடமாக இருக்கக் கூடாது.

அடுத்த வகுப்பு தொடங்குவதற்கு முன் அந்த பிட்டரை மறுபடி கூப்பிட நினைக்கிறேன். கூப்பிடும்போது, படிக்கிற காலத்தில் மாதாமாதம் இவ்வளவு வரும் என்று ஒரு தொகையைச் சொல்லியாக வேண்டும். அது எவ்வளவு என்று எனக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பயிற்றுநர்