கைப்பிடியும் காலடிக் கணக்கும்

ஆசிரியருக்கு,

டிரெட்மில்லில் எவ்வளவு நடந்தாலும் ஸ்மார்ட் வாட்ச் காலடியைக் குறைத்தே காட்டுகிறது என்று பலர் புலம்புகிறார்கள். வாட்சுக்குள் இருக்கும் முடுக்கமானி (அசைவை உணரும் சிறு கருவி) கை வீச்சை வைத்துத்தான் அடியை எண்ணுகிறது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டால் மணிக்கட்டு அசையாது, கணக்கும் ஏறாது. கையை விட்டு நடங்கள் என்பார்கள். மூட்டு வலிக்காரியான எனக்கு அது ஆகிற காரியமா? வாட்சைக் கழற்றிக் கணுக்காலருகே காலுறைக்குள் செருகிக்கொள்கிறேன். வாய்விட்டு நூறு அடி எண்ணிவிட்டுத் திரையைப் பார்த்தால் ஏறக்குறைய ஒத்துப்போகிறது. (பக்கத்தில் ஓடுபவர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.) இதயத் துடிப்பை மட்டும் அங்கிருந்து நம்ப முடியாது.

அப்புறம், தூரக் கணக்கு வேறு. கூரைக்குள் ஜிபிஎஸ் உதவாது. வாட்சில் ‘உள்ளரங்க நடை’ என்ற பயிற்சி வகையைத் தேர்ந்தெடுத்து, முடிந்ததும் இயந்திரம் காட்டும் தூரத்தைச் சில வாட்சுகளில் பதியலாம். அவை அதை வைத்து நம் காலடி நீளத்தைத் திருத்திக்கொள்ளும்.

இப்படிக்கு,
கைப்பிடியை விடாத ஒரு வாசகி