ஜெயாவுக்கு, அந்த பச்சை பொட்டி கதை

ஏய் ஜெயா,

ஆறு மாசமா ஒரு வரி கூட போடலன்னு திட்டுவ, திட்டு. நீயும்தான் போடல, அத அப்புறம் பேசிக்கலாம். இங்க எல்லாரும் சௌக்கியம், அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கு, குட்டி யூகேஜி போறான், உன்ன இன்னும் மிளகாய் அத்தைன்னுதான் சொல்றான். சரி விஷயத்துக்கு வரேன். யார்கிட்டயாவது சொல்லலன்னா வெடிச்சிடுவேன், வீட்டுல இவர்கிட்ட சொன்னா "அதான் சரி பண்ணிட்டீங்கள்ல"ன்னு திரும்ப டிவி பாக்க போயிட்டாரு.

போன மாசம் ஒரு வியாழக்கிழமை, ஆன்கால் நான், அதான் சிஸ்டம் படுத்தா ராத்திரி எழுந்து பாக்குற முறை. ராத்திரி போன் கத்தவே இல்ல, அப்பாடான்னு தூங்கிட்டேன். 2:40க்கு சப்போர்ட் பையன் கூப்பிடுறான், "அக்கா, பேமெண்ட் போகலன்னு கஸ்டமருங்க வரிசையா கூப்பிடுறாங்க, உங்களுக்கு எதுவும் வரலயா?"ன்னு. லேப்டாப்ப தொறந்தா கிராஃபனால, அதான் சிஸ்டம் நிலவரத்த காட்டுற டாஷ்போர்டுல, எல்லாம் பச்சை. எரர் ரேட் 0.2 பர்சன்ட். எனக்கு கோவம் அந்த பையன் மேலதான் வந்துச்சு தெரியுமா, உங்க பக்கம் நெட்வொர்க்க பாருன்னு வேற சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சுதான் உறைச்சுது, எத்தன தடவ ரெஃப்ரெஷ் அடிச்சாலும் அந்த 0.2 அசையவே மாட்டேங்குது. கீழ கோடு போட்ட கிராஃபுக்கு போனா, கோடு 11:52ஓட நின்னு போச்சு, அதுக்கப்புறம் வெறும் கருப்பு.

அந்த டாஷ்போர்டுக்கு நம்பர் சேத்து குடுக்குற ப்ரோமிதியஸ் ஓடுற மெஷின்ல டிஸ்க் ஃபுல்லு. ப்ராசஸ் சாகலடி, அதான் கொடுமை. கேட்டா பதில் சொல்லுது, ஆனா பழச மட்டும், புதுசா ஒரு நம்பர் கூட எழுத முடியல. மேல இருக்குற பெரிய பச்சை பொட்டிய 'கடைசியா வந்த நம்பர காட்டு'ன்னு செட் பண்ணி வச்சிருந்தோம், அது பாவம் மாலை போட்ட போட்டோ மாதிரி சிரிச்சிட்டே இருந்துச்சு. அலெர்ட் ஏன் வரலன்னு கேப்ப. ரூல் என்ன, எரர் 5 பர்சன்ட்ட தாண்டுனா கத்து. டேட்டாவே வரலன்னா எது எத தாண்டும்? குவெரிக்கு பதில் காலி, காலின்னா அதுக்கு பிரச்சனை இல்லன்னு அர்த்தம். நீயும் நானும் அஞ்சு வருஷம் இந்த ரூலத்தான் காப்பி பேஸ்ட் பண்ணி குடுத்துட்டு இருந்தோம். டேட்டா வரலன்னா கத்துறதுக்குன்னே ஆப்சென்ட்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, ஒரு தடவயாவது போட்டோமா நாம?

டிஸ்க் ஏன் ரொம்புச்சுன்னா, புதுசா சேந்த பொண்ணு ஒரு மெட்ரிக்ல, அதாவது ப்ரோமிதியஸ் சேக்குற ஒரு கணக்குல, ஆர்டர் நம்பர லேபிளா வச்சிருச்சு. ஒவ்வொரு ஆர்டருக்கும் டிஸ்க்ல ஒரு தனி டைம் சீரிஸ், அதான் தனியா ஒரு நம்பர் வரிசை, ஒரு நாளைக்கு எத்தன ஆர்டர்னு நீயே கணக்கு போட்டுக்கோ. பேமெண்ட் பிரச்சனை தனி, நடுராத்திரி புது வெர்ஷன் போன டிப்ளாய்மெண்ட்ல டேட்டாபேஸ் கனெக்ஷன் பூல், அதான் ஒரே நேரத்துல டேட்டாபேஸ் கூட பேசுற லைன் எண்ணிக்கை, 50க்கு பதிலா 5ன்னு போயிருக்கு. ரோல்பேக் பண்ணி பழைய வெர்ஷனுக்கு போக எட்டு நிமிஷம். எட்டு நிமிஷ வேலைக்கு ரெண்டரை மணி நேரம் யாருக்கும் தெரியல.

இப்ப வரேன் உண்மைக்கு. டிஸ்க் 85 பர்சன்ட்னு திங்கக்கிழமையே வார்னிங் வந்துச்சு. அலெர்ட்ட அனுப்புற அலெர்ட்மேனேஜர்ல அத நாலு நாளைக்கு கத்தாம சைலன்ஸ் போட்டது நான். அதுல யார் போட்டாங்கன்னு பேரு நிக்கும்ல, ஏன்னு ஒரு கமெண்ட்டும் கட்டாயம். மீட்டிங்ல ஸ்க்ரீன் ஷேர் பண்ணி காட்டுனாங்க: என் பேரு, பக்கத்துல "அப்புறம் பாக்குறேன்". எங்க தப்பாச்சுன்னு அலசுற, யார் மேலயும் பழி போடாத போஸ்ட்மார்ட்டம்னு சொல்லித்தான் ஆரம்பிச்சாங்க, யாரும் ஒண்ணும் சொல்லல. ஆனா ஒரு ரெண்டு செகண்ட் எல்லாரும் மியூட்ல இருந்தாங்க பாரு, மூர்த்தி சார் நேரா கிழிச்சு தொங்க விடுறதே தேவலைன்னு தோணுச்சு. அந்த பொண்ணு வேற தன்னாலதான்னு அழுதுட்டு இருந்துச்சு, அது லேபிள் வச்ச ப்ரோக்ராம் கோடுக்கு ரிவ்யூல ஓகே குடுத்ததே நான்தான்.

ஒரு வாரம் தூக்கமே வரல, ராத்திரி உக்காந்து ஊரான் வீட்டு போஸ்ட்மார்ட்டமா படிச்சேன். எல்லாருக்கும் இதே கதிதான். 2017 பிப்ரவரி 28, அமேசானோட ஃபைல் சேமிக்கிற சர்வீஸ் எஸ்3 படுத்தப்ப அவங்க ஸ்டேட்டஸ் பக்கத்தையே அப்டேட் பண்ண முடியல, ஏன்னா அதுக்கும் எஸ்3தான் வேணும், ட்விட்டர்ல போய் சொல்லிட்டு இருந்தாங்க. 2021 அக்டோபர்ல ரோப்ளாக்ஸ்ங்கற கேம் தளம் 73 மணி நேரம் கெடந்துச்சு, கோளாறு அவங்க சர்வீசுங்க ஒண்ண ஒண்ணு தேடிக்க வச்சிருந்த கன்சல்ங்கற சாஃப்ட்வேர்ல, காரணத்த காட்ட வேண்டிய மானிட்டரிங்கும் அதே கன்சல நம்பித்தான் இருந்திருக்கு. எனக்கு நெஞ்சு அடைச்சது, ப்ரோக்ராம் கோட வச்சிக்கிற தளம் கிட்லாப், அவங்க கதைதான். 2017 ஜனவரி 31, ஒருத்தர் தப்பான சர்வர்ல டேட்டாபேஸ் ஃபோல்டர அழிச்சிட்டாரு, சரி பேக்கப் எடுக்கலாம்னு போனா பேக்கப் வைக்கிற பக்கெட் காலி. வெர்ஷன் ஒத்து வராம பேக்கப் ஃபெயில் ஆகிட்டே இருந்திருக்கு, ஃபெயில்னு மெயிலும் போயிருக்கு, அந்த மெயில, போலி மெயில தடுக்குற டிமார்க் செக்ல அவங்க சர்வரே தள்ளி விட்டிருச்சு. கத்தியிருக்குடி, காதுல விழல. நான் அதோட வாயையே பொத்திட்டேன், அவங்கள விட மோசம்.

புது மேனேஜர் ஒருத்தர் வந்திருக்காரு, மானிட்டரிங்னு சொன்னா மூஞ்சி சுளிப்பாரு, அப்சர்வபிலிட்டின்னுதான் சொல்லணும். கால்மான்னு ஒரு இன்ஜினியர் 1960ல கண்ட்ரோல் தியரிக்காக, அதான் சிஸ்டத்த கட்டுப்படுத்துற கணக்குக்காக, வச்ச பேரு அது, வெளிய வர்றத வச்சு உள்ள என்ன நடக்குதுன்னு கண்டுபுடிக்க முடியுமாங்கறது. அருமையான கேள்வி, இவரு அத வச்சு டூல் வாங்க பட்ஜெட் கேக்குறாரு. வெளிய வர்றதே நின்னு போச்சுன்னா என்ன சார் பண்றதுன்னு கேட்டேன், நோட் பண்ணிக்கிட்டாரு.

இப்ப என்ன பண்ணிருக்கேன்னா, வாட்ச்டாக்னு ஒரு அலெர்ட், எப்பவும் அடிச்சிட்டே இருக்கும். அது வெளிய வேற ஒரு சர்வீசுக்கு போகும், அஞ்சு நிமிஷம் வரலன்னா அந்த சர்வீஸ் எனக்கு போன் போடும். வேளச்சேரி பிஜில நம்ம தெரு கூர்க்கா ஞாபகம் இருக்கா, விசில் சத்தத்துல தூக்கமே போச்சுன்னு தினம் திட்டுவ, அவரு ஊருக்கு போன வாரம் ராத்திரி 3 மணிக்கு என்ன எழுப்பி ஏன்டி விசில் வரலன்னு கேட்ட. அதேதான். டெஸ்ட் பண்ண நானே ப்ரோமிதியஸ நிறுத்திட்டு போன கையில புடிச்சுட்டு உக்காந்திருந்தேன், அடிச்சப்ப சந்தோஷத்துல கண்ணு கலங்கிடுச்சு, இவரு நைசா டிவி சத்தத்த குறைச்சாரு.

இந்த ஞாயித்துக்கிழமையோட ஆன்கால் முடியுது. நீ பதில் போடு. பத்து நாள்ல வரலன்னா நேரா உங்க அம்மாவுக்கு போன், நம்பர் இன்னும் என்கிட்ட இருக்கு.

உன்
வித்யா