வீட்டு மொழியை விடச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளர்ச்சித் தாமதமுள்ள சிறு குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டுச் சேவைகளில் (சிறு வயதிலேயே மதிப்பீடும் பயிற்சியும் அளிக்கும் மையங்களில்), வேற்றுமொழி பேசும் குடும்பங்களுக்கு மொழிபெயர்ப்பாளராகச் சில ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அந்த அறைகளில் நான் அடிக்கடி கேட்ட அறிவுரை, "இனி வீட்டில் உங்கள் மொழியில் பேசாதீர்கள், குழந்தை குழம்பிவிடும்" என்பதுதான். நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டாலும் இது தவறான அறிவுரை.

இரு மொழிகளைக் கேட்டு வளர்வதால் பேச்சுத் தாமதம் உண்டாவதில்லை. ஆட்டிசம், டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகளும் இரு மொழிகளைக் கற்க இயலும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. பயிற்சியாளரிடம் குழந்தை இருப்பதோ வாரத்துக்கு ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு. குளிப்பாட்டும்போதும் உடை மாட்டும்போதும் தூங்கவைக்கும்போதும் அதனோடு பேசுகிறவர்கள் வீட்டார்தான். தட்டுத்தடுமாறி வரும் மொழியில் மட்டுமே பேச வேண்டும் என்று ஒரு தாயிடம் சொன்னால், அவருடைய பேச்சு "வா", "உட்கார்", "வேண்டாம்" என்று சில ஏவல்களாகச் சுருங்கிவிடுகிறது. கதையும் கொஞ்சலும் கேலியும் நின்றுபோகின்றன. பேச்சு வளர வேண்டிய குழந்தைக்குக் கேட்கக் கிடைக்கும் பேச்சே குறைந்துபோவதை எப்படிச் சிகிச்சை என்பது?

மதிப்பீட்டிலும் இதே கோளாறு உண்டு. ஒருமுறை பட அட்டையில் இருந்த நிலவைக் காட்டியதும் மூன்று வயதுச் சிறுமி தயங்காமல் "நிலா" என்றாள். அந்த மையத்தின் மொழியில் சொல்லவில்லை என்பதால் தாளில் சுழியம் விழுந்தது. இரு மொழிகளிலும் அவள் அறிந்த சொற்களைச் சேர்த்து எண்ணினால்தான் உண்மை தெரியும். உண்மையான மொழிக் குறைபாடு குழந்தை பேசும் எல்லா மொழிகளிலும் வெளிப்படும். புதிய மொழியில் மட்டும் தடுமாறினால் அது கற்றலின் ஒரு கட்டமாக இருக்கலாம். புதிய மொழிச் சூழலில் நுழையும் குழந்தை சில மாதங்கள் வாய் திறக்காமல் இருப்பதும் உண்டு. ஆனால் இதைச் சாக்காக வைத்து, "இரு மொழிக் குழந்தைதானே, தானாகச் சரியாகும்" என்று உண்மையான தாமதத்தைக் கவனியாமல் விடுவதும் அதே அளவு பிழைதான். மதிப்பீட்டுக்காக வீட்டார் நிரப்பும் வினாப்பட்டியல்களிலும் இதே கோளாறுதான்: "தானாக உண்கிறதா?" என்ற கேள்விக்கு, பெரியவர்கள் ஊட்டிவிடும் வழக்கமுள்ள வீட்டார் "இல்லை" என்று எழுதினால், அது குழந்தையின் கைத்திறனைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

அமெரிக்காவின் ஊனமுற்றோர் கல்விச் சட்டம், இயலாது என்பது தெளிவாகத் தெரிந்தாலன்றி, மதிப்பீட்டைக் குழந்தையின் தாய்மொழியிலேயே நடத்த வேண்டும் என்கிறது. 1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 30-ஆம் பிரிவோ, சிறுபான்மைக் குழந்தைக்குத் தன் மொழியைப் பயன்படுத்தும் உரிமையை மறுக்கக் கூடாது என்கிறது. ஏட்டில் எல்லாம் இருக்கிறது, அறைக்குள்தான் வருவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் தாமதமாகப் போய்ச் சேர்ந்த ஒரு நாளில், பத்து வயது அண்ணனை வைத்து மொழிபெயர்க்கத் தொடங்கியிருந்தார்கள். தம்பிக்கு ஆட்டிசம் இருக்கலாம் என்று மருத்துவர் நிதானமாக விளக்கி முடித்ததும், அந்தச் சிறுவன் தாயைப் பார்த்து, "தம்பி நல்லா இருக்கானாம்மா" என்றான். அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அந்தச் செய்தியைத் தாயிடம் சொல்லும் பொறுப்பை அவன் தலையில் சுமத்தியிருக்கக் கூடாது.

ஆகவே இந்த மையங்களை நடத்துவோர், பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை முதல் சந்திப்புக்கே அழைக்க வேண்டும். மொழிபெயர்ப்புக்கு இருமடங்கு நேரம் பிடிக்கும் என்பதால் அதற்கேற்ப நேரம் ஒதுக்க வேண்டும். வீட்டில் செய்யச் சொல்லும் பயிற்சியை, பெற்றோர் தங்கள் மொழியில் அங்கேயே ஒருமுறை செய்துபார்த்த பிறகே அனுப்ப வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றிய வாசகர்