கெளுத்திக்கு ஏற்ற இரை: நண்பனுக்கு ஒரு கடிதம்

கும்பகோணம்,
ஆவணி மாதம்.

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்து பழையபடி நடமாடத் தொடங்கியிருக்கிறார் என்று படித்ததும் மனத்துக்கு நிம்மதியாக இருந்தது. இங்கே நாங்கள் அனைவரும் நலம். சின்னவளுக்குத் தஞ்சாவூருக்கே மாற்றல் கிடைத்துவிட்டதால் வாரக் கடைசியில் வீடு நிறைந்துவிடுகிறது. அரசலாற்றில் தண்ணீர் ஓடுகிறது; மாலை வேளைகளில் நானும் தூண்டிலுடன் கரையில்தான் இருக்கிறேன்.

ஓய்வு பெற்று முத்துப்பேட்டைப் பக்கம் குடியேறிய பிறகு, வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் நீயும் தூண்டில் போடத் தொடங்கியிருப்பதை அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். கோழிக்கடையில் இலவசமாகக் கிடைக்கும் குடலைக் கோத்துப் போட்டால் ஆப்பிரிக்கக் கெளுத்தி மட்டுமே வருகிறது, நாட்டுக் கெளுத்தி திரும்பியும் பார்ப்பதில்லை, அதற்கு எந்த இரை நல்லது என்று கேட்டிருந்தாய். எந்த இரையைப் போடுகிறோம் என்பதே எந்தக் கெளுத்தி வரும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது. ஆகவே குடலை முதலில் நிறுத்து. கழிவு இறைச்சியைத் தின்று கொழுக்கும் மீனுக்குக் கழிவு இறைச்சியைக் காட்டினால் அது மற்ற எல்லா மீனையும் முந்திக்கொண்டு வரத்தான் செய்யும். அந்தப் பெரிய வாய் திரியும் இடத்தில் சாண் நீளம்கூட இல்லாத நாட்டுக் கெளுத்தி ஒதுங்கிக்கொள்ளும்.

நாற்றம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு கெளுத்தி வரும் என்று பலரும் நம்புகிறார்கள். குடலை வெயிலில் ஊறவைத்துப் புழுத்த பிறகு எடுத்து வருகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இது எனக்கு உடன்பாடில்லை. கெளுத்தியின் மீசையிலும் உதட்டிலும் மட்டுமல்லாமல் செதில் இல்லாத அதன் உடல் தோல் முழுவதிலும் சுவை மொட்டுகள் பரவியிருக்கின்றன. அமெரிக்காவில் 1967இல் வெளியான ஓர் ஆய்வில், அந்நாட்டுக் கெளுத்தி வகை ஒன்று மோப்பத்தின் உதவியே இல்லாமல் சுவையை மட்டும் பின்பற்றித் தொலைவில் இருக்கும் இரையைச் சென்றடைந்ததைக் கண்டார்கள். ஒரு பக்கத்துச் சுவை உறுப்புகளை மட்டும் நீக்கியபோது, அவை எஞ்சியிருந்த பக்கத்தை நோக்கியே அந்த மீன் வட்டமிட்டுக்கொண்டிருந்ததாம். அந்தச் சுவை மொட்டுகள் உணர்வது முதன்மையாக அமினோ அமிலங்களை, அதாவது புரதத்திலிருந்து தண்ணீரில் கரைந்து வரும் சத்துகளை. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் கேப்ரியோ இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, நம்மால் எண்ணிப் பார்க்க முடியாத அளவு நீர்த்துப்போன நிலையிலும் கெளுத்தி இவற்றைக் கண்டுகொள்ளும் என்று காட்டியிருக்கிறார். எனவே இரையிலிருந்து கரைந்து கசியும் புதுச் சாறுதான் மீனை இழுத்து வருகிறது. எண்ணெயும் கொழுப்பும் தண்ணீரில் கரைவதில்லை. மேலே மிதந்து போய்விடும். நமது மூக்குக்கு எட்டுகிற நாற்றத்தை வைத்து இரையின் தரத்தை எடைபோடுவதில் பயனில்லை என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

நாட்டுக் கெளுத்திக்கு முதல் இரை மண்புழுதான். இதில் எனக்கு ஐயமே கிடையாது. பூச்சிகளையும் அவற்றின் புழுக்களையும் சிறு இறால்களையும் தின்று வாழும் மீன் அது. மழை பெய்து வரப்பு கரைந்து வாய்க்காலுக்குள் மண்புழு அடித்துக்கொண்டு வரும் நாட்களில் அதற்காகவே மதகடியில் காத்திருக்கும். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12க்குப் பிறகு, புதுத்தண்ணீர் செந்நிறமாகக் கலங்கி வாய்க்கால்களில் இறங்கும் நாட்களில் வேறு எந்த இரையையும் நான் எடுத்துச் செல்வதில்லை. கலங்கல் தண்ணீரில் கண்ணை நம்பி வாழும் மீன்கள் திணறும்போது கெளுத்தி மட்டும் மீசையால் தடவித் தடவி மேய்ந்துகொண்டிருக்கும்.

புழுவிலும் தேர்வு வேண்டும். வாழைக்கட்டை அழுகிக் கிடக்கும் இடத்திலும் கிணற்றடி ஈரத்திலும் தோண்டினால் கிடைக்கும் பருத்த மண்புழுதான் சிறந்தது. மண்புழு உரத் தொட்டியில் வளரும் மெல்லிய சிவப்புப் புழுவை நான் அவ்வளவாக விரும்புவதில்லை. தூண்டில் முள்ளில் குத்தியதும் அதன் உடலிலிருந்து கெட்ட வாடையுள்ள மஞ்சள் நீர் கசியும், அதைக் கெளுத்தி தயங்கித் தயங்கியே தொடுகிறது. எடுத்த புழுவைத் தோண்டிய மண்ணோடு ஒரு மண்சட்டியில் போட்டு, மேலே ஈர வாழைமட்டையை மூடி நிழலில் வை. சில நிமிட வெயில் பட்டாலே புழு தளர்ந்து குழைந்துவிடும், பிறகு அது முள்ளில் நிற்காது.

கோக்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் தவறவிடுவது இங்கேதான். புழுவின் தடித்த பக்கத்திலிருந்து தொடங்கி முள்ளின் வளைவு முழுவதும் மறையும்படி ஏற்றிக்கொண்டு போய், வால் பக்கத்தில் அரை அங்குலத்தைத் தொங்கவிட வேண்டும். ஏற்றிய பகுதியில் முள்முனையால் இரண்டு மூன்று இடங்களில் இலேசாகக் குத்திவிட்டால் அவ்விடங்களிலிருந்து சாறு கசியும். தொங்கும் வால் உயிரோடு நெளியும். தண்ணீரில் கால் மணி நேரம் கிடந்த புழுவை எடுத்துப் பார், பழுப்பும் சிவப்புமாக இருந்தது வெளுத்து உப்பிச் சவ்வுபோல ஆகியிருக்கும். அதில் கரைவதற்கு இனி ஒன்றுமில்லை. அப்படியே மறுபடியும் வீசாமல் புதிய புழுவைக் கோத்துவிடு. மீன் கொத்தாத நேரத்தில் இடத்தை மாற்றுவதற்கு முன்னால் இரையை மாற்றிப் பார்ப்பதே என் வழக்கம்.

உயிருள்ள புழுவுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. கேப்ரியோவும் ஜப்பானிய ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஜப்பானை ஒட்டிய கடலில் வாழும் கெளுத்தி ஒன்று, மணலில் குழாய்க்குள் மறைந்திருக்கும் கடற்புழு மூச்சுவிடுவதால் சுற்றியுள்ள நீரில் மிகமிகச் சிறிதளவு கூடும் அமிலத்தன்மையைக்கூட உணர்ந்து இருட்டில் அந்தப் புழுவைக் கண்டுபிடிப்பதாகத் தெரியவந்தது. உங்கள் பக்கத்து அலையாத்திக் காட்டு ஓடைகளில் கிடைக்கும் இருங்கெளுத்தி அதே இனக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்த ஆய்வைப் படித்த நாளிலிருந்து, செத்த புழுவைக் கோப்பதற்கே எனக்கு மனம் வருவதில்லை.

மண்புழுவுக்கு அடுத்தபடியாக உன் இடத்துக்குப் பொருந்துவது இறால். பாமணியாறும் கோரையாறும் கடலை நெருங்கும் அந்தப் பகுதியில் காவிரித் தண்ணீர் நின்றுபோன மாதங்களில் வாய்க்கால் நீர் உப்பேறிவிடுமல்லவா? அப்போது அங்கே மேய்வது உவர்நீரைத் தாங்கும் கெளுத்தி. அதற்கு மண்புழுவைவிட இறால் பழக்கமான இரை. இறால் சதையில் கிளைசின், அர்ஜினின், புரோலின் போன்ற அமினோ அமிலங்கள் தாராளமாக இருப்பதால் அதன் சாறு தண்ணீரில் விரைவாகப் பரவும். வலையிலிருந்து இறங்கிய அன்றைய இறாலாகப் பார்த்து வாங்கி, ஓட்டை உரித்து, சிறுவிரல் நகமளவு துண்டுகளாக வெட்டிக்கொள். தலையை எறிந்துவிடாதே. அதை நசுக்கி ஈரமண்ணோடு பிசைந்து சிறு உருண்டையாக்கித் தூண்டில் விழும் இடத்தில் போட்டால் அரை மணி நேரத்துக்குள் மீன் கூடும். ஐஸ் பெட்டியில் நாள்கணக்கில் கிடந்து உருகிய இறாலின் சாறு பெரும்பாலும் பெட்டியிலேயே வடிந்து போயிருக்கும், அதை வாங்காதே.

வரப்பு ஈரத்தில் கிடைக்கும் பிள்ளைப்பூச்சியும், முதல் மழைக்குப் பின் விளக்கடியில் குவியும் ஈசலும் அந்தந்தப் பருவத்துக்கு அருமையான இரைகள். மைதா மாவையும் கடலைப் புண்ணாக்கையும் பிசைந்து போடுவது கெண்டைக்கும் ஜிலேபி மீனுக்கும் சரி, கெளுத்திக்கு அது வீண் வேலை. கோழி ஈரல் சாறு மிகுந்ததுதான், ஆனால் முள்ளில் நிற்காது. தையல் நூலால் நாலு சுற்றுச் சுற்றினால் சிறிது நேரம் தாங்கும், அதற்கும் முதலில் வருவது உன் ஆப்பிரிக்க விருந்தாளியாகவே இருக்கும். தவளையைக் கோக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். தவளைக்கால் ஏற்றுமதியை 1987இல் நம் நாடு தடை செய்ததற்குப் பின்னால், வயலில் பூச்சியைத் தின்னும் உயிர் குறைந்துபோகிறது என்ற கவலை இருந்தது. நம் வரப்புகளிலும் அந்தக் குரல் குறைந்து வருவதை நீயும் கவனித்திருப்பாய். வாளை மீனுக்காகத்தான் கேட்டாய் என்றால், செத்த கெண்டைக் குஞ்சு ஒன்றே போதும். ஆனால் வாளை இன்று அருகிவரும் மீன்களின் பட்டியலில் இருக்கிறது, சிறியதாக இருந்தால் விட்டுவிடு.

ஆப்பிரிக்கக் கெளுத்தியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1990களில் முறைகேடாக நம் நாட்டுக்குள் கொண்டுவரப்பட்ட அந்த மீனை வளர்க்கக் கூடாது என்று மத்திய வேளாண் அமைச்சகம் 2000ஆம் ஆண்டிலேயே தடை விதித்தது. ஆனாலும் குளம் உடைந்தும் வெள்ளத்தில் அடித்தும் அது பொது நீர்நிலைகளுக்குள் புகுந்துவிட்டது. காற்றைச் சுவாசித்து ஈர நிலத்தில் ஊர்ந்து அடுத்த குட்டைக்குப் போய்விடும். குஞ்சு, முட்டை, நத்தை என்று எதையும் விட்டுவைக்காது. முதுகுத் துடுப்பு தலைக்குப் பின்னாலிருந்து ஏறக்குறைய வால்வரை நீண்டு, பின்முதுகில் சதைத் துடுப்பு இல்லாமல், தலை தட்டையாகவும் அகலமாகவும் இருந்தால் அது அந்த மீன்தான் என்று சந்தேகப்படலாம். நம் நாட்டுக் கெளுத்திக்கு முதுகுத் துடுப்பு குட்டையாக, முன்னால் முள்ளோடும் பின்னால் சதைத் துடுப்போடும் இருக்கும். ஆப்பிரிக்கக் கெளுத்தி சிக்கினால் இரக்கப்பட்டு மீண்டும் தண்ணீரில் விட்டுவிடாதே என்று உன்னைக் கேட்டுக்கொள்கிறேன். கோழிக்குடலை வாய்க்காலில் கொட்டி அதை மேலும் கொழுக்க வைப்பதும் நமக்கு அடுக்காது.

இரை சரியாக இருந்தும் அது கிடக்கும் இடம் தவறினால் பலனில்லை. கெளுத்தி தரையை ஒட்டி மேய்வது. மயிலிறகுக் காம்பைத் தக்கையாகக் கட்டி இரையை நடுத்தண்ணீரில் தொங்கவிட்டால் ஜிலேபிதான் பறித்துப் போகும். ஈயக்குண்டு சேற்றில் படிய, அதிலிருந்து ஒரு சாண் தள்ளி இரை தரையில் கிடக்க வேண்டும். ஓடும் தண்ணீரில் மீன் ஒதுங்கியிருக்கும் இடத்துக்கு மேல்பக்கமாகப் போட்டால் சாறு தானாக அதன் மீசைக்குப் போய்ச் சேரும். தேங்கிய குட்டையில் அப்படிப் பரவாது, ஆகவே தண்ணீர் நுழையும் மடைவாயைத் தேடிப் போ. பொழுது சாய்ந்து ஆள் முகம் தெரியாத நேரம்தான் நல்ல நேரம். இரையைத் தொடுவதற்கு முன்னால் கையைச் சேற்றில் நன்றாகத் தேய்த்துக் கழுவு. கொசுவுக்குப் பூசிய களிம்பும் வண்டியின் பெட்ரோலும் ஒட்டிய விரலால் புழுவைக் கோப்பது, இத்தனை நுட்பமாகச் சுவை பார்க்கும் மீனிடம் செய்யத் தகாத காரியம்.

கழிமுகத்தில் கடல் கெளுத்தி கொத்தவில்லை என்று வருந்தியிருந்தாய். சில மாதங்களில் அதன் ஆண் மீன் முட்டைகளை வாய்க்குள் அடைகாத்துக்கொண்டு இரை எடுக்காமலே இருக்கும். அந்தக் காலத்தில் எந்த இரைக்கும் அது வாய் திறக்காது. அப்படி ஒன்று வலையில் சிக்கியதாகக் கேள்விப்பட்டால் முட்டையோடு கடலில் விட்டுவிடும்படி மீனவத் தம்பிகளிடம் சொல்.

காலாண்டு விடுமுறைக்குப் பேரன் வரப்போவதாக எழுதியிருக்கிறாய். அவன் கையில் தூண்டிலைக் கொடுப்பதற்கு முன்னால், கெளுத்தியின் மூன்று முள்ளும் எங்கே இருக்கின்றன என்று காட்டிவிடு. மார்புத் துடுப்பு முள்ளுக்குப் பின்னால் பெருவிரலையும் சுட்டுவிரலையும் கொடுத்துப் பிடிக்கப் பழக்கு. தேளி என்ற கெளுத்தி வகை குத்தினால் கடுகடுவென்று வலிக்கும். பொறுக்கும் அளவு சூடான தண்ணீரில் கையை அமிழ்த்தினால் வலி தணியும். அதன் பிறகு மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

வாய்க்காலில் இப்போது தண்ணீர் உப்புக் கரிக்கிறதா என்று வாயில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து அடுத்த கடிதத்தில் எழுது. நல்ல தண்ணீராக இருந்தால், புரட்டாசி பிறந்ததும் நான் புறப்பட்டு வருகிறேன். எங்கள் கொல்லை வாழையடியில் புழு நிறையக் கிடைக்கிறது, சட்டியோடு கொண்டு வருகிறேன். உப்பேறியிருந்தால் நீ அன்றைய இறாலுக்குச் சொல்லிவை.

என்றும் அன்புடன்,
உன் பள்ளித் தோழன்.