மாப்ள, நெட் வருது போட்டோ ஏன் வரல?

மாப்ள,

நல்லபடியா போய்ச் சேந்தாச்சுன்னு தங்கச்சி வாய்ஸ் மெசேஜ் போட்டுச்சு, சந்தோசம். டெக்சாஸ் வெயிலு உனக்கு ஒண்ணும் புதுசில்ல, மதுரைக்காரன் தாங்கிருவ, ஆனா வீட்டுக்குள்ள ஏசியை குளிர வச்சு உக்காத்தி வச்சிருவாய்ங்க, ஸ்வெட்டரை பெட்டிக்குள்ளயே வச்சிராத. ஃப்ரிஸ்கோல ஹனுமான் கோயில் இருக்கு, காரிய சித்தி ஹனுமான்னு பேரு, பொண்ணுகிட்ட சொல்லி ஒரு சனிக்கிழமை போயிட்டு வா. இங்க நாங்க நியூஜெர்சி எடிசன்ல நல்லாருக்கோம், முட்டி வலி மட்டும் மாடிப்படியைப் பாத்தாலே ஆரம்பிச்சிருது, இந்த ஊரு வீடெல்லாம் பெட்ரூமை மாடியிலதானே கட்டி வச்சிருக்கான்.

சரி, நீ கேட்ட விசயத்துக்கு வரேன். நெட் வருது, வாட்ஸ்அப் ஓடுது, யூட்யூப் ஓடுது, ஆனா பொண்ணு மெசேஜ்ல அனுப்புற பேரன் போட்டோ மட்டும் டவுன்லோட்னு காட்டி சுத்திக்கிட்டே இருக்குன்னு எழுதியிருந்த. மருமகன் பாத்துட்டு நெட்தான் வருதே மாமா, போன்ல ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டு போயிட்டாருன்னும் சொன்ன. அவரைச் சொல்லிக் குத்தமில்ல, அவர் வச்சிருக்குறது இங்கயே வாங்குன போஸ்ட்பெய்டு ஐபோன், சிம்மைப் போட்டா எல்லா செட்டிங்கும் தானா வந்து உக்காந்துக்கும், அவரு வாழ்க்கையில அந்தப் பக்கமே போயிருக்க மாட்டாரு. நம்ம கேஸ் வேற, ஊர்ல வாங்குன சாம்சங்ல இந்த ஊரு ப்ரீபெய்டு சிம்மைப் போட்டிருக்கோம்.

மொதல்ல இதைப் புரிஞ்சுக்க, நெட்டு வேற, எம்எம்எஸ் வேற, எம்எம்எஸ்னா சாதா மெசேஜ்ல படம் அனுப்புற முறை. ரெண்டும் ஒரே டேட்டாவுலதான் ஓடுது, ஆனா எம்எம்எஸ்க்கு தனியா ஒரு அட்ரஸ் வேணும். உம் பொண்ணு போட்டோ அனுப்புனா அது நேரா உன் போனுக்கு வராது, சிம் கம்பெனிக்காரன் எம்எம்எஸ்சின்னு ஒரு சர்வர் வச்சிருக்கான், அங்க போய் உக்காந்துக்கும். உனக்கு வர்றது கண்ணுக்குத் தெரியாத ஒரு எஸ்எம்எஸ் மட்டும்தான், பார்சல் ஆபீஸ்ல கெடக்கு வந்து வாங்கிக்கன்னு தபால்காரர் சீட்டு குடுத்துட்டுப் போற மாதிரி. உன் போன்தான் மொபைல் டேட்டா வழியா போய் அதை எடுத்துட்டு வரணும். அட்ரஸ் இல்லேன்னா சீட்டு மட்டும் கையில இருக்கும், அதான் நீ பாக்குற அந்த டவுன்லோட் பட்டன்.

இதெல்லாம் எதுக்குய்யா, வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்ல வேண்டியதுதானேன்னு கேப்ப. நானும் வந்த புதுசுல அதைத்தான் சொன்னேன். ஆனா இந்த ஊர்ல பக்கத்து வீட்டுக்காரன், பேரன் கூட்டாளியோட அம்மா, கராத்தே கிளாஸ் மாஸ்டர், ப்ளம்பர், எல்லாரும் சாதா மெசேஜ்லதான் பேசுவாய்ங்க, வாட்ஸ்அப்னா நம்மாளுங்க கூட மட்டும்தான். அதுலயும் இன்னொண்ணு இருக்கு, நாலு பேரைச் சேத்து ஒரு குரூப் டெக்ஸ்ட் போட்டா, அதுல போட்டோவே இல்லேன்னாலும் அது எம்எம்எஸாத்தான் போகும். அதனால ஸ்கூல் பஸ் இன்னைக்கு லேட்டுன்னு யாராச்சும் குரூப்ல போட்டா அந்த ஒத்த வரி கூட உனக்கு வராது. இப்ப எம்எம்எஸ்க்கு பதிலா ஆர்சிஎஸ்னு புதுசா ஒரு முறை வந்திருக்கு, ஆண்ட்ராய்டுல முன்னாடியே இருந்துச்சு, ஐபோன்ல 2024ல ஐஓஎஸ் 18 கூட குடுத்தாங்க, படமெல்லாம் பளிச்சுன்னு வருது, ஆனா குரூப்ல ஒரே ஒரு ஆளுகிட்ட அது இல்லேன்னாலும் மொத்த குரூப்பும் பழைய எம்எம்எஸ்க்கு எறங்கிரும். அதனால இதைச் சரி பண்ணித்தான் ஆகணும்.

நம்ம ஊர்லயும் இது இருந்துச்சுல்ல, நோக்கியா 6600 காலத்துல, கம்பெனிக்காரன் செட்டிங்ஸ்னு ஒரு மெசேஜ் அனுப்புவான், பின் நம்பர் 1234 போட்டு சேவ் பண்ணணும், அப்பவும் அனுப்புன படம் தபால்தலை சைஸ்ல வரும். வாட்ஸ்அப் வந்ததும் அதை நாம மறந்தே போயிட்டோம், இவிங்க மறக்கல.

இப்ப போனைக் கையில எடு. செட்டிங்ஸ், கனெக்‌ஷன்ஸ், மொபைல் நெட்வொர்க்ஸ், அக்சஸ் பாயிண்ட் நேம்ஸ். ரெண்டு சிம் இருக்குறதால மேல சிம் 1, சிம் 2ன்னு காட்டும், அமெரிக்க சிம் எதுவோ அதைத் தொடு. அங்க ஏற்கனவே ஒரு ஏபிஎன், அதான் அந்த அக்சஸ் பாயிண்ட் நேம், இருக்கும், அதனாலதான் உனக்கு நெட் வருது. அதைத் திறந்து கீழ வரைக்கும் தள்ளிப் பாரு, எம்எம்எஸ்சின்னு ஒரு இடம் இருக்கும், அது நாட் செட்னு கெடக்கும்னு நினைக்கிறேன். அதுக்கும் கீழ ஏபிஎன் டைப்னு ஒண்ணு, அதுல டீஃபால்ட்னு மட்டும் இருக்கும். ரோகமே இந்த ரெண்டு எடத்துலதான்.

நீயும் என்னை மாதிரி மிண்ட் மொபைல்தான் வாங்கியிருக்க, அதனால எனக்கு ஓடுறதை அப்படியே சொல்றேன். இருக்குறதை அழிக்காத, ஆட் அமுக்கி புதுசா ஒண்ணு போடு. நேம்ல மிண்ட்னு போடு, எது வேணா போடலாம், அது சும்மா பேருக்கு. ஏபிஎன்னுல ஹோல்சேல், இங்கிலீஷ்ல ஒரே வார்த்தையா, மொத எழுத்து மட்டும் பெருசு. எம்எம்எஸ்சி அட்ரஸ் நீளமா இருக்கும், ஹெச்டிடிபியில ஆரம்பிச்சு வாப்என்க்-னு முடியும், அதை டைப் பண்ணாத, கம்பெனி சைட்டுல ஹெல்ப் பக்கத்துல இருக்கும், காப்பி பண்ணி ஒட்டிரு, நம்ம கண்ணுக்கு புள்ளியும் ஸ்லாஷும் ஒண்ணாத்தான் தெரியும். ஏபிஎன் டைப்ல டீஃபால்ட், கமா, எஸ்யூபிஎல், கமா, எம்எம்எஸ். எல்லாமே சின்ன எழுத்து, கமாவுக்குப் பின்னாடி ஸ்பேஸ் விடக்கூடாது, கீபோர்டு தானா ஒரு ஸ்பேஸ் வைக்கும், அதைப் பாத்து எடுத்துரு. எம்சிசி 310, எம்என்சி 260ன்னு ரெண்டு நம்பர் தானா ரொம்பி இருக்கும், அதுல கை வைக்காத, மாத்துனா சேவ் பண்ணப்புறம் லிஸ்ட்லயே காணாமப் போயிரும்.

எழுதிட்டு அப்படியே பேக் போயிராத மாப்ள, பாதிப் பேரு இங்கதான் கோட்டை விடுறாய்ங்க. மேல மூணு புள்ளி இருக்கும், அதைத் தொட்டு சேவ் குடுக்கணும். லிஸ்டுக்கு வந்ததும் புதுசா போட்டதுக்குப் பக்கத்துல இருக்குற வட்டத்தைத் தொட்டு நீலமாக்கணும், இல்லேன்னா போன் பழசுலயே ஓடிக்கிட்டிருக்கும். அப்புறம் ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணு.

அடுத்தது டேட்டா. வீட்ல வைஃபை இருக்கேன்னு நீ மொபைல் டேட்டாவை ஆஃப் பண்ணி வச்சிருப்ப, உன்னை எனக்குத் தெரியும், அஞ்சு ரூபா பஸ் டிக்கெட்டுக்கு நடந்தே போன ஆளு. எம்எம்எஸ் மொபைல் டேட்டா வழியாத்தான் வரும், வைஃபை இருந்தாலும் டேட்டா ஆன்லயே இருக்கட்டும், படத்தை எடுத்துட்டு போன் மறுபடி வைஃபைக்கே போயிரும், காசு ஒண்ணும் கரையாது. விபிஎன் போட்டிருந்தா ஆஃப் பண்ணிரு, அதுவும் இதைக் கெடுக்கும்.

இந்திய சிம்மை கழட்டிராத, பேங்க் ஓடிபி எல்லாம் அதுலதான் வரும். ஆனா அதுல டேட்டா ரோமிங் கண்டிப்பா ஆஃப்ல இருக்கணும். சிம் மேனேஜர்ல போய் கால், மெசேஜ், மொபைல் டேட்டா மூணுக்கும் அமெரிக்க சிம்மை வச்சிரு. மெசேஜ் சிம் இந்தியாவுல நின்னுச்சுன்னா நீ பொண்ணுக்கு ஓகேன்னு அனுப்புறது கூட ஐஎஸ்டி கணக்குல காசு புடிப்பான். நம்பர் எல்லாத்தையும் ப்ளஸ் ஒண்ணு சேத்து சேவ் பண்ணு, வெறும் பத்து நம்பரைப் போட்டா போன் சில சமயம் நம்ம ஊரு நம்பர்னு நினைச்சுக்கும்.

இன்னொரு கூத்து சொல்றேன், இதை இங்க யாருகிட்ட சொன்னாலும் நம்ப மாட்டேங்குறாங்க. இங்கிலீஷ்ல டைப் பண்ணா ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து, தமிழ்ல போட்டா 70தான். அந்த 70லயும் புள்ளி, கொம்பு, காலு எல்லாம் தனித்தனியா எண்ணுவான், மாப்ளன்னு போட்டா நமக்கு மூணு எழுத்து, அவனுக்கு அஞ்சு. அதனால நீ பொண்ணுக்கு தமிழ்ல நாலு வரி சேந்தாப்ல எழுதுனா அது துண்டு துண்டா ஆகி, துண்டு ரொம்ப அதிகமானா போனே அதை எம்எம்எஸா மாத்தி அனுப்பப் பாக்கும், செட்டிங் இல்லாததால அனுப்பலன்னு செவப்பு குறி காட்டும். படமே இல்லாத மெசேஜ் ஏன்டா போகலன்னு மண்டையை ஒடச்சுக்காத, செட்டிங் சரியாச்சுன்னா அதுவும் போயிரும்.

டெஸ்ட் பண்றது ஈஸி. வைஃபையை ஆஃப் பண்ணிட்டு ஒரு சின்ன போட்டோவை உன் நம்பருக்கே நீ அனுப்பு. போயி திரும்பி உனக்கே வந்துச்சுன்னா ரெண்டு பக்கமும் சரி. மெசேஜஸ் ஆப்ல அட்வான்ஸ்டுக்குள்ள குரூப் மெசேஜிங்னு இருக்கும், எல்லாருக்கும் எம்எம்எஸ் ரிப்ளைங்குறதை எடுத்துக்க, ஆட்டோ டவுன்லோடையும் ஆன் பண்ணு. வீடியோ அனுப்பாத, எம்எம்எஸ்ல சைஸ் லிமிட் உண்டு, கசக்கிப் பிழிஞ்சு அனுப்புவான், பேரன் ஓடுறானா பந்து ஓடுதான்னு தெரியாது, அதுக்கு வாட்ஸ்அப்தான் லாயக்கு.

இவ்வளவும் பண்ணி வரலேன்னா கஸ்டமர் கேர்ல கேளுன்னு சொல்வேன், ஆனா நான் மொதல்ல வச்சிருந்த ஒரு சிம்மு கம்பெனி, பேரு வேண்டாம், சாட்ல போனா ரீஸ்டார்ட் பண்ணுங்கன்னு ஒரே பாட்டு, ஏபிஎன்னுன்னு வாயைத் திறக்கவே மாட்டேனுட்டான். அதனால ஆளு லைன்ல வந்ததும் எம்எம்எஸ் ப்ராவிஷனிங் என் லைன்ல ஆன்ல இருக்கான்னு, அதாவது எம்எம்எஸ் வசதியை நம்ம லைனுக்கு தெறந்து விட்டிருக்கானான்னு மட்டும் கேளு, அந்த வார்த்தையைச் சொன்னாத்தான் அடுத்த ஆளுகிட்ட மாத்துவாய்ங்க.

சிக்னல் பத்தியும் கேட்டிருந்த. இங்க 3ஜியை 2022லயே பெரிய கம்பெனிங்க மூடிட்டாங்க, அதனால போன்ல வோல்டிஇ, அதான் 4ஜி வழியா பேசுற வசதி, வேலை செஞ்சாத்தான் பேசவே முடியும். ஏடி அண்ட் டி அவன் லிஸ்ட்ல இருக்குற மாடலைத்தான் சேப்பான், ஊர்லேந்து கொண்டாந்த போனுக்கு அது பெரும்பாலும் ஒத்து வராது. மிண்ட் ஓடுறது டி-மொபைல் டவர்ல, 2024ல கம்பெனியையே அவன் வாங்கிட்டான், ஊரு போனுக்கு அது கொஞ்சம் பரவால்ல. ஆனா டி-மொபைலோட 71ங்குற பேண்டு, அதாவது அலைவரிசை, நம்ம ஊரு மாடல் நெறயத்துல இருக்காது, தூரம் போறதும் செவுரு தாண்டி வர்றதும் அந்த பேண்டுதான், அதனால பொண்ணு வீட்டுல உள்ரூம்ல சிக்னல் போச்சுன்னா போன் கெட்டுப்போச்சுன்னு புதுசு வாங்கிறாத, வைஃபை காலிங்கை ஆன் பண்ணிக்க. பிளானை மூணு மாசம், ஆறு மாசம்னு மொத்தமாத்தான் கட்டணும், நீ ஆறு மாச விசிட்டர்தானே, மொதல்ல மூணு மாசம் மட்டும் கட்டிப்பாரு.

மத்தபடி நம்ம ஊர்ல தெப்பக்குளம் ஆளு வீடு வித்துட்டாராம், தெரியுமா? பையன் பெங்களூருக்கே வந்துருங்கன்னு ஒத்தக்கால்ல நின்னானாம். கேட்டதும் மனசுக்கு என்னமோ போல ஆயிருச்சு, அந்த திண்ணையில நாம பேசாத பேச்சா. அவரு நம்பர் மாறல, நீ ஒரு தடவை பேசு, நான் பேசுனா அழுதுருவாரு போல.

மதினி உனக்கு சுகர் மாத்திரை பேரை இங்கிலீஷ்ல எழுதி அனுப்பச் சொன்னா, ஊர்லேந்து கொண்டாந்தது தீந்துட்டா இங்க சீட்டு இல்லாம வாங்க முடியாது, எத்தனை மாசத்துக்கு இருக்குன்னு எண்ணிப் பாத்துச் சொல்லு. அந்த மாத்திரை அட்டையையே ஒரு போட்டோ எடுத்து மெசேஜ்ல அனுப்பேன், வாட்ஸ்அப்ல இல்ல.

இப்படிக்கு
உன் மாப்ள
எடிசன்