எந்த ஆர்கன் என்று எழுதிவிடுங்கள்

தேவாலயங்களில் உள்ள பெரிய குழல் கருவியான ஆர்கனின் இசைப் பதிவுகளை வெளியிடும் நிறுவனத்தாருக்கும், அவற்றை இணையத்தில் கேட்கத் தரும் இசைச் சேவையாருக்கும்,

வணக்கம்.

போன மாதம் ஒரு நாள் இரவு, ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹ் ஆர்கனுக்கு எழுதிய சி மைனர் பாஸகாலியாவை மூன்று பதிவுகளில் அடுத்தடுத்துக் கேட்டேன். எட்டு பார் (தாளச் சுற்று) நீளமுள்ள ஒரு மெட்டு. முதலில் அதைப் பெடல், அதாவது காலால் வாசிக்கும் விசைகள், மட்டும் தனியாகச் சொல்லும். அப்புறம் அந்த மெட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன்மேல் இருபது விதமாகக் கட்டிக்கொண்டே போவார் பாஹ். மூன்றாவது பதிவில் அந்தத் தனிப் பெடல் தொடங்கியதுமே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். மற்ற இரண்டையும்விடச் சுருதி உயர்ந்திருந்தது. ஒவ்வொரு சுரமும் தொண்டையை லேசாகச் செருமிக்கொண்டு வாய் திறந்தது. எந்த ஊர் ஆர்கன் இது? செயலியில் பார்த்தேன். இசையின் பெயர் இருந்தது, வாசித்தவர் பெயர் இருந்தது. அட்டையில் ஒரு மெழுகுவர்த்திப் படம். ஆண்டு என்ற இடத்தில், அதைச் சேவையில் ஏற்றிய ஆண்டு. ஆர்கனைப் பற்றி ஒரு சொல் கூட இல்லை.

அந்த ஒரு சொல்லைக் கேட்டுத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

வயலின் வாசிப்பவர் தன் வயலினைக் கையோடு கொண்டு போவார். ஆர்கனை அப்படித் தூக்கிக்கொண்டு போக முடியாது. அது ஒரு தேவாலயத்தின் சுவரோடு சுவராக நிற்கிறது, அந்தக் கட்டடத்தின் எதிரொலியும் அதோடு சேர்ந்தது. வாசிப்பவர்தான் அதைத் தேடிப் போகவேண்டும். ஒன்றில் இரண்டு வரிசை விசைப்பலகை, இன்னொன்றில் நான்கு. ஒரே வகை ஒலி தரும் குழல் வரிசையைத் திறந்துவிடும் இழுப்புக் குமிழுக்கு ஸ்டாப் என்று பெயர். ஒன்றில் இருபது ஸ்டாப், இன்னொன்றில் அறுபது. ஒரே கைவினைஞர் செய்த இரண்டு ஆர்கன்கூட ஒன்றுபோல் ஒலிக்காது. ஆகவே ஒரு ஆர்கன் பதிவில் வாசித்தவர் பெயரை மட்டும் போடுவது பாதியைச் சொல்லி மீதியை விழுங்குவதுதான்.

இதில் பாஹின் இசைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. அதே காலத்துப் பிரெஞ்சுக்காரர்கள் எந்த ஸ்டாப்பை இழுக்கவேண்டும் என்பதைத் தலைப்பிலேயே எழுதிவிடுவார்கள். 1699இல் வெளிவந்த நிக்கோலா த கிரின்யியின் ஆர்கன் தொகுதியில் 'டியர்ஸ் ஆன் டாய்' என்று ஒரு துண்டு இருக்கிறது. டியர்ஸ் ஸ்டாப்பைச் சேர்த்த தனிக் குரல் நடு ஸ்தாயியில் பாடவேண்டும் என்பது அந்தப் பெயரிலேயே வந்துவிடுகிறது. அந்தத் தொகுதி முழுவதையும் பாஹ் தன் கையால் நகல் எடுத்து வைத்திருந்தார். ஆனால் தன் சொந்த இசையில், மிகச் சில இடங்களைத் தவிர, எந்த ஸ்டாப் என்று அவர் எழுதவில்லை. அதை வாசிப்பவரிடமும் அந்த ஆர்கனிடமும் விட்டுவிட்டார். அப்படியானால் ஒவ்வொரு பாஹ் பதிவும் வாசித்தவர் எடுத்த ஒரு முடிவு. இந்த மெட்டுக்குப் புல்லாங்குழல் போன்ற மென்மையான 8 அடிக் குழலா, மூக்கால் பாடும் ரீட் குழலா, பெடலில் 16 அடி போதுமா, 32 அடியும் வேண்டுமா? (அடி என்பது குழலின் நீளம், அது கூடக்கூடச் சுரம் தாழும்.) வாசித்தவர் மூன்று நாள் அந்த ஆலயத்தில் உட்கார்ந்து, இழுத்துப் பார்த்து, கீழே ஆளை நிற்கவைத்துக் கேட்டு எடுத்த முடிவை நீங்கள் அச்சிடாமல் விட்டால், எங்களுக்கு ஒப்பிட என்ன இருக்கிறது? யார் வேகமாக வாசித்தார், யார் மெதுவாக வாசித்தார் என்பது மட்டும்தான். பல பேர் ஆர்கன் பதிவுகளை நிமிடக் கணக்கை வைத்தே ஒப்பிடுவதற்கு இதுதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சுருதி விஷயத்துக்கு வருகிறேன். ஹாம்பர்க் புனித யாக்கோபு ஆலயத்தில் ஆர்ப் ஷ்னிட்கர் 1693இல் கட்டி முடித்த ஆர்கன் இருக்கிறது. நான்கு விசைப்பலகை, அறுபது ஸ்டாப். 1720இல் பாஹ் வேலைக்கு முயன்ற ஆலயம் அது. சுருதி சேர்க்க அளவுகோலாக வைக்கும் 'ஏ' சுரம் அதில் சுமார் 495 ஹெர்ட்ஸ். இன்றைய வழக்கம் 440. டிரெஸ்டன் கத்தோலிக்க அரசவை ஆலயத்தில் கோட்ஃப்ரீட் சில்பர்மானின் கடைசி ஆர்கன் இருக்கிறது. அவர் 1753இல் இறந்த பிறகு 1755இல்தான் அது முடிந்தது. அதன் 'ஏ' சுமார் 415. எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், ஒரு கட்டையில் எழுதிய பாஸகாலியா ஹாம்பர்கில் இரண்டு கட்டையில் ஒலிக்கும், டிரெஸ்டனில் அரைக் கட்டை இறங்கி ஒலிக்கும். இரண்டுக்கும் நடுவே மூன்று அரைச்சுரம். இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பவனிடம், வித்தியாசம் வாசிப்பவரிடம் இருக்கிறதா, ஆர்கனிடம் இருக்கிறதா, அல்லது பழைய டேப்பைத் தப்பான வேகத்தில் ஓட்டி நகலெடுத்தவரிடம் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிக்கச் சொல்கிறீர்கள்? ஆர்கனின் பெயரும் சுருதியும் அட்டையில் இருந்தால், கைபேசியில் உள்ள சுருதி அளக்கும் செயலியை வைத்தே ஒரு நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம்.

பதிவு செய்த மாதத்தையும் போடுங்கள். ஆண்டு மட்டும் போதாதா என்று கேட்பீர்கள். காற்று சூடானால் சாதாரணக் குழல்களின் சுருதி ஏறும். ஒரு டிகிரி செல்சியஸுக்கு 440இல் ஏறக்குறைய 0.8 ஹெர்ட்ஸ். குளிர்காலத்துக்கும் கோடைக்கும் ஆலயத்துக்குள் பதினைந்து டிகிரி வித்தியாசம் என்றால் 12 ஹெர்ட்ஸ் ஆகிவிடுகிறது. ரீட் குழல்கள், அதாவது ஆர்மோனியத்தில் இருப்பது போன்ற உலோக நாக்கு அதிரும் குழல்கள், கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே நிற்கும். இரண்டையும் சேர்த்து வாசித்தால் உரசும். ஒரு பதிவில் டிரம்பெட் ஸ்டாப் மட்டும் கொஞ்சம் தள்ளி நிற்பதைக் கேட்டு, வாசித்தவர் கவனிக்கவில்லையே என்று பல வருடம் குறையாகவே நினைத்திருந்தேன். பிறகுதான் அந்தப் பதிவோடு வெளிவந்த சிறு புத்தகம் கையில் கிடைத்தது. ஜூலை மாதப் பதிவு.

ஆர்கனின் பெயரைப் போட்டாலும், எந்தச் சீரமைப்புக்கு முன், எந்தச் சீரமைப்புக்குப் பின் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். ஹாம்பர்க் ஆர்கனின் முகப்புக் குழல்களை 1917இல் போருக்காக உருக்க எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டாம் உலகப் போரில் ஆலயம் எரிந்தது, மரக்கூடும் போனது. முன்கூட்டியே கழற்றிப் பத்திரப்படுத்தியதால் குழல்கள் பிழைத்தன. யூர்கன் ஆரெண்ட் அதைத் திரும்பக் கட்டி முடித்தது 1993இல். அதற்கு முன் எடுத்த பதிவிலும் 'ஷ்னிட்கர், 1693' என்றுதான் இருக்கும், இப்போது எடுப்பதிலும் அப்படித்தான் இருக்கும். காதுக்கோ அவை இரண்டு வேறு ஆர்கன்கள்.

இன்னொன்று என்னை மிகவும் வருத்துகிறது. ஆர்கன் கலைஞர் ஆல்பர்ட் ஷ்வைட்ஸர் 1935இல் லண்டன் கோபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஆல் ஹாலோஸ் ஆலயத்தில் பாஹ் வாசித்துப் பதிவு செய்தார். 1940 குண்டுவீச்சில் அந்த ஆர்கன் அழிந்தது. இன்று அந்த ஆர்கனைக் கேட்கவேண்டுமென்றால் கரகரக்கும் அந்தப் பழைய இசைத்தட்டுகளில்தான் கேட்கவேண்டும். அவற்றை 'ஷ்வைட்ஸர் வாசிக்கும் பாஹ்' என்று மட்டும் எழுதி வெளியிட்டால், இல்லாமல் போன ஒன்றின் கடைசிக் குரலைப் பெயர் சொல்லாமல் ஒலிக்கவிடுகிறோம்.

ஒரே ஆள் திரும்பத் திரும்ப வாசித்த பதிவுகள்தான் என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய புதையல். ஜெர்மன் ஆர்கன் கலைஞர் ஹெல்முட் வால்காவுக்குப் பத்தொன்பது வயதுக்குள் பார்வை போய்விட்டது. ஒவ்வொரு குரலையும் தனித்தனியாகப் பிறர் வாசிக்கக் கேட்டு மனப்பாடம் செய்துதான் பாஹை முழுவதும் கற்றார். 1947இலிருந்து 1952 வரை ஒரு முறை, 1956இலிருந்து 1971 வரை இன்னொரு முறை என்று இரண்டு தடவை பதிவு செய்தார். முதல் தடவை போன ஆலயங்களில் ஒன்று ஜெர்மனியில் காப்பெல் என்ற சின்ன ஊரில் இருக்கிறது. அங்கே உள்ளதும் ஒரு ஷ்னிட்கர் ஆர்கன்தான். ஹாம்பர்க் மடாலய ஆலயம் ஒன்றுக்காக 1680இல் செய்தது, 1816இல் காப்பெல் ஊருக்கு விலைக்குப் போனது. பிரெஞ்சு ஆர்கன் கலைஞர் மரி-கிளேர் அலேன் பாஹின் ஆர்கன் இசை முழுவதையும் மூன்று தடவை பதிவு செய்தார். மூன்றாவது தடவை பழைய ஆர்கன்களைத் தேடித் தேடிப் போனார். இந்த மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஓர் ஆர்கன் தன் மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பதைக் காதால் கேட்கலாம். பழைய விசைகள் வேகத்தை விட்டுக்கொடுக்கச் சொல்கின்றன, விரல் மெய்யும் உயிரும்போலப் பிரித்துப் பேசத் தொடங்குகிறது. மெய் என்று சொன்னது உவமைக்காக மட்டும் இல்லை. குழலில் காற்று புகுந்து சுரம் நிலைகொள்வதற்கு முன் 'க்' என்றோ 'ச்' என்றோ ஒரு சின்ன ஒலி வரும். அப்புறம்தான் 'ஆ'. அந்த மெய்யொலியை வைத்தே சில ஆர்கன்களை அடையாளம் சொல்லிவிடலாம். ஆனால் பல இணையச் சேவைகளில் இந்த மூன்று தொகுப்புகளும் ஒரே பெயரில் கலந்து கிடக்கின்றன. எது எந்தக் காலத்தது, எந்த ஊரில் எடுத்தது என்று தெரியாமல் எதை எதோடு ஒப்பிடுவது?

சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஓர் இணையக் கடையில் இரண்டு தொகுப்புகள் வாங்கினேன். வேறு வேறு அட்டை, வேறு வேறு தலைப்பு, ஆண்டுகூட வேறு. இரண்டிலும் ஆர்கன் பெயர் இல்லை. இரண்டாவதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, மூன்றாவது துண்டின் நடுவில் வாசிப்பவர் உட்காரும் பலகை ஒரு தடவை கிரீச்சென்றது. முதல் தொகுப்பிலும் அதே இடத்தில் அதே கிரீச். ஒரே பதிவுக்கு இரண்டு தடவை பணம் கொடுத்திருக்கிறேன். பணத்தைவிட, எந்த ஆலயத்துப் பலகை அது என்று இன்றுவரை தெரியாததுதான் மனதை அரிக்கிறது.

அந்தக் கிரீச்சைத் துடைத்துவிடாதீர்கள் என்பதையும் இதோடு கேட்டுக்கொள்கிறேன். துண்டு தொடங்கும் முன் இரண்டு நொடி வரும் துருத்திக் காற்றின் மூச்சையும் வெட்டாதீர்கள். பிரெல்யூடு என்ற முன்னிசை முடிந்து அதன் எதிரொலி கூரையில் கரைவதற்குள் வெட்டி, அடுத்து வரும் ஃபியூகை ஒட்டும் பழக்கத்தை நிறுத்துங்கள். அந்த ஆறேழு நொடியில்தான் ஆலயம் எவ்வளவு பெரியது என்பது தெரியும்.

இதெல்லாம் நடக்காத காரியம் என்று நீங்கள் சொல்ல முடியாது. ஆர்க்கிவ் நிறுவனம் 1950களிலேயே இசைத்தட்டு உறைக்குள், யார், எந்தக் கருவி, எந்த இடம், எந்தத் தேதி என்று அச்சிட்ட அட்டை ஒன்றை வைத்துக் கொடுத்தது. காகிதத்தில் முடிந்தது திரையில் முடியாதா? நெதர்லாந்து பாஹ் சங்கம் 2014 முதல் பாஹின் படைப்புகளை ஒவ்வொன்றாகப் படமெடுத்து இலவசமாகத் தருகிறது. எங்கே எடுத்தது, எந்த ஆர்கன் என்பதை ஒவ்வொரு படத்தோடும் சொல்கிறது. ஜேம்ஸ் கிபி ஜெர்மனியின் பரோக் கால ஆர்கன்களில் பாஹ் முழுவதையும் வாசித்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் வழியாக யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளத் தந்திருக்கிறார். அங்கேயும் எது எந்த ஆர்கன் என்று தெளிவாக இருக்கிறது. இலவசமாகத் தருபவர்கள் சொல்வதைக் காசு வாங்குபவர்கள் சொல்லவேண்டாமா?

வாசித்தவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வரி சேருங்கள். ஊர், ஆலயம், கட்டியவர், கட்டிய ஆண்டு, கடைசிச் சீரமைப்பு. ஒரு தொகுப்பில் நான்கு ஆர்கன் இருந்தால் ஒவ்வொரு துண்டின்கீழும் அதனதன் பெயர் வரட்டும். சிடியோடு வந்த சிறு புத்தகத்தை அப்படியே படமெடுத்து இணைத்தாலே சுருதியும் ஸ்டாப்புகளும் பெரும்பாலும் வந்துவிடும், புதிதாக யாரும் உட்கார்ந்து எழுதவேண்டியதில்லை.

நான் கேட்கும் ஒவ்வொரு பதிவுக்கும் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். மேலே ஒரு கட்டம், ஆர்கனுக்கு. பாஸகாலியாவின் அந்த மூன்றாவது பதிவுக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: சுருதி உயரம், செயலியில் ஏறக்குறைய 465. தொடக்கத்தில் பெடலில் ரீட் இல்லை. கடைசிச் சுரத்துக்குப் பிறகு எதிரொலி ஐந்து நொடி. இடப்பக்கம் எங்கோ ஒரு கதவு சாத்தும் ஓசை. மேலே உள்ள கட்டம் காலியாக இருக்கிறது. உங்கள் கிடங்கில் அந்த மூல டேப் பெட்டியின் முதுகில் ஊர் பெயர் கட்டாயம் எழுதியிருக்கும். யாராவது எடுத்துப் பார்த்துச் சொன்னால் எழுதிக்கொள்வேன்.

இப்படிக்கு,
உங்கள் பதிவுகளைக் காசு கொடுத்து வாங்கிக் கேட்கும் ஒருவன்